பவளத்தீவில் இரவு எங்கே?

பசிபிக்கின் நடுவில் ஒரு பவளத்தீவுக்கு வந்து சேரும் வெளியூர்க்காரர் எங்கே தங்குவது? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் கிரிபாஸ் நாட்டில் இதற்கு அரசர்கள் விடை சொல்லியிருக்கிறார்கள்; பாதிரிமார், காலனி அதிகாரிகள், பொருளியல் அறிஞர்கள், தூண்டில்காரர்கள், கப்பல் கம்பெனிகள் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பெரும்பாலானவை வசதிக்கும் உள்ளூர் அனுபவத்துக்கும் இடையிலான இழுபறியாகவே இதைப் பார்க்கின்றன. அந்த இழுபறி உண்மைதான். ஆனால் நிலம் யாருடையது, குடிநீர் எங்கிருந்து வருகிறது, அடுத்த விமானம் எப்போது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பழைய விடைகளின் பலமும் பலவீனமும் வேறுமாதிரி தெரிகின்றன.

வரைபடத்தில் கிரிபாட்டி, பேச்சில் கிரிபாஸ். 1979 ஜூலை 12-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. 33 தீவுகளையும் சேர்த்தால் நிலம் 811 சதுர கிலோமீட்டர். அதைச் சூழ்ந்து நாட்டுக்கு உரிமையான கடலோ ஏறத்தாழ 35 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவின் நிலப்பரப்பைவிட அதிகம். மக்கள் சுமார் 1.2 லட்சம் பேர். அவர்களில் பாதிப்பேர் தலைநகரமான தெற்குத் தராவாவில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். மேற்கே கில்பர்ட் தீவுகள், நடுவில் ஃபீனிக்ஸ் தீவுகள், கிழக்கே லைன் தீவுகள். லைன் தீவுகளில் உள்ள கிறிஸ்மஸ் தீவுக்கும் தலைநகருக்கும் இடையே 3,000 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே ‘கிரிபாஸில் எங்கே தங்கலாம்’ என்று பொதுவாகக் கேட்பதே ஓரளவு பிழை. தலைநகர், வெளித்தீவுகள், கிறிஸ்மஸ் தீவு ஆகிய மூன்றுக்கும் மூன்று வரலாறுகள். (இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான இன்னொரு கிறிஸ்மஸ் தீவும் இருக்கிறது, அறை பதிவு செய்பவர்கள் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.)

விருந்தினர் தேர்ந்தெடுக்காத காலம்

மிகப் பழைய விடை இதுதான்: எங்கே தங்குவது என்பதை வந்தவர் முடிவு செய்வதில்லை, வரவேற்பவர் முடிவு செய்கிறார். கில்பர்ட் தீவுகளின் ஒவ்வோர் ஊரிலும் மனெயாபா என்னும் பெரிய பொதுமண்டபம் உண்டு. தாழம் ஓலை வேய்ந்த உயரமான கூரை, சுவர் கிடையாது, சுற்றிலும் தாழ்ந்த இறவாணம். உள்ளே நுழைகிறவர் யாராக இருந்தாலும் குனிந்தே ஆக வேண்டும். மண்டபத்துக்குள் ஒவ்வொரு குலத்துக்கும் பரம்பரையாக வந்த உட்காருமிடம் இருக்கிறது. காலனி அதிகாரியாக வந்து பின்னர் வரலாற்றாசிரியரான ஹெச். இ. மோட், 1963-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இருக்கை முறையை விரிவாகப் பதிவு செய்தார். ஒருவர் எங்கே உட்காரலாம் என்பதிலிருந்தே அவருடைய நிலம், உறவு, பேச்சுரிமை எல்லாம் தெரிந்துவிடும். அன்னியரையும் இந்த ஒழுங்குக்குள் எங்காவது பொருத்தியாக வேண்டும். மண்டபத்தில் ஒரு பாய் விரித்துக் கொடுப்பதும், ஒரு குடும்பத்தின் பொறுப்பில் விடுவதும் அதற்கான வழிகள்.

இந்த விடையின் இன்னொரு முகம் எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் 1889 பயணத்தில் தெரிகிறது. புத்தாரித்தாரி தீவில் அவர் ஹவாய்க்காரரான ஒரு பாதிரியாரின் வீட்டில் தங்கினார். அமெரிக்கச் சுதந்திர தினத்தை முன்னிட்டு அரசர் மதுவிலக்கைத் தளர்த்தியிருந்த நேரம் அது. ஊரே போதையில் கிடந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவரை நோக்கிக் கல்லும் பறந்து வந்தது. பிறகு அவர் போன அபெமாமாவில் நிலைமை நேர் எதிர். அங்கே டெம் பினோகா அரசர் வெள்ளையர்களைக் குடியேற விடுவதில்லை. வந்தவர்களின் முகத்தைச் சில நாள் ஆராய்ந்து பார்த்த பிறகுதான் அனுமதி தந்தார். அனுமதி தந்ததும் ஆட்களை ஏவி, ஏற்கெனவே கட்டியிருந்த ஓலை வீடுகளைத் தூக்கி வரச் செய்தார். கூரையின் கீழே ஆட்களின் கால்கள் மட்டும் தெரிய, வீடுகள் நடந்து வந்து நின்றன. சுற்றி ஓர் எல்லை வகுத்து, குடிமக்கள் யாரும் அதைத் தாண்டக்கூடாது என்று தடையும் விதித்தார்.

இன்றைய சுற்றுலா நூல்கள் இக்கதையை வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அது சரியல்ல என்று தோன்றுகிறது. விருந்தினரால் ஊருக்கு வரக்கூடிய தொல்லையை முன்கூட்டியே எடைபோட்டு, எல்லை வரைந்து, கால அளவோடு இடம் கொடுத்த ஆட்சியாளர் அவர். ஐரோப்பியக் கப்பல்களும் சரக்கு வணிகர்களும் பசிபிக் ஊர்களில் செய்தவற்றை வைத்துப் பார்த்தால், அந்த எச்சரிக்கை மிகையானதல்ல. இந்த விடையின் பலவீனம், அது முழுக்க ஒருவரின் விருப்பத்தில் தங்கியிருந்ததுதான். அரசர் நல்லவராக இருந்தால் வீடு நடந்து வரும். இல்லையென்றால் கப்பலுக்கே திரும்ப வேண்டியதுதான்.

அரசு கட்டிய அறை

1892-இல் பிரிட்டிஷ் பாதுகாப்பாட்சியும் 1916-இல் காலனியும் வந்தபின் தங்குமிடம் நிர்வாக விஷயமாயிற்று. தீவு தீவாகச் சுற்றி வரும் அதிகாரிக்கும் மருத்துவருக்கும் ஓர் அறை தேவைப்பட்டது. 1914-இல் இளம் அதிகாரியாக வந்து, பின்னாளில் தன் நினைவுகளை எழுதிப் புகழ்பெற்ற ஆர்தர் கிரிம்பிள் காலத்தில் தீவுகளின் அன்றாட வாழ்க்கையே விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டது. இன்று வெளித்தீவுகளில் தீவு மன்றங்கள் நடத்தும் விருந்தினர் விடுதிகள் இந்த நிர்வாக மரபின் வாரிசுகள் என்று கொள்ள இடமிருக்கிறது. நம் ஊர் டிராவலர்ஸ் பங்களாவுக்கும் அவற்றுக்கும் ஒரே வம்சம்: முதலில் அதிகாரிக்கு, அவர் வராத நாளில் மற்றவர்களுக்கு.

இவ்விடுதிகளில் என்ன கிடைக்கும்? பல தீவுகளில், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய புயா என்னும் ஓலைக்குடில் ஒன்று. தளமெங்கும் இடைவெளி விட்டுக் குச்சிகள். கீழிருந்து காற்று வரும். ஒரு பாய், மெத்தை இருந்தால் மெத்தை, கொசுவலை. குளிக்க வாளியில் கிணற்றுத் தண்ணீர், லேசாக உப்புக் கரிக்கும். குடிக்க மழைத்தொட்டித் தண்ணீர், அதையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு மீன், சோறு, ஈரப்பலா, பருவம் பார்த்து பபாய் என்னும் சேப்பங்கிழங்கு வகை. காலையும் மாலையும் பாளை சீவி இறக்கிய இனிப்புக் கள். பணம் ஆஸ்திரேலிய டாலரில், ரொக்கமாக.

மன்ற விடுதிக்கு ஆதரவான வாதம் வலுவானது. வாடகை ஊருக்குப் போகிறது. வந்தவர் யார் என்பது ஊருக்குத் தெரிகிறது. எந்த ஒரு குடும்பமும் சுமை தாங்க வேண்டியதில்லை. மராகேய் தீவில் முதல்முறை வருகிறவர், விடுதிக்குள் போகும் முன்பே தீவை இடஞ்சுழியாகச் சுற்றிவந்து நான்கு பெண் தெய்வங்களின் இடங்களில் மரியாதை செலுத்த வேண்டும் என்ற வழக்கம் இன்றும் இருக்கிறது. படுக்கையை முதலில் உறுதி செய்துகொள்ளும் பழக்கமுள்ள பயணிக்கு இது புதுமையாக இருக்கலாம். ஊர்க்காரர் கண்ணில் வரிசை அதுதான்.

எதிர்வாதமும் உண்டு. பொதுச்சொத்துக்குப் பொறுப்பாளர் யாருமில்லாமல் போவது உலகெங்கும் உள்ள நோய். பூட்டு உடைந்தால் யார் மாற்றுவது, கொசுவலை கிழிந்தால் யார் தைப்பது என்பதெல்லாம் அடுத்த மன்றக் கூட்டத்துக்குக் காத்திருக்கும். ஆசிரியரோ அமைச்சரோ வந்துவிட்டால் சுற்றுலாப் பயணி அறையைக் காலி செய்ய வேண்டிவரும். விடுதியின் முதல் நோக்கமே அதுதான் என்பதால் இதைக் குறையாகச் சொல்வதும் கடினம்.

ஆலோசகர்களின் தலைநகரம்

தெற்குத் தராவாவின் விடுதிகளைப் புரிந்துகொள்ள, ஜெஃப் பெர்ட்ராம், ரே வாட்டர்ஸ் ஆகிய நியூசிலாந்து அறிஞர்கள் 1985-இல் முன்வைத்த கருத்து உதவும். கிரிபாஸ், துவாலு, நியூவே போன்ற குட்டி நாடுகளின் பொருளாதாரம் புலம்பெயர்வு, வெளியிலிருந்து வரும் பணம், வெளிநாட்டு உதவி, அரசு வேலை என்ற நான்கு கால்களில் நிற்கிறது என்றார்கள் அவர்கள். இதை ஏற்றால் தலைநகர விடுதிகளின் இயல்பு விளங்கும். அங்கே தங்குபவர்களில் கணிசமானோர் விடுமுறைக்கு வந்தவர்கள் அல்லர். உதவித் திட்டங்களின் ஆலோசகர்கள், பொறியாளர்கள், மீன்வளப் பேச்சுவார்த்தைக்காரர்கள். அறை வாடகையும் அவர்களுடைய தினப்படியை ஒட்டியே அமைகிறது என்று கருதக் காரணம் இருக்கிறது. 1943 நவம்பரில் தெற்குத் தராவாவின் ஒரு பகுதியான பேஷோவில் நடந்த அமெரிக்க-ஜப்பானியப் போரின் எச்சங்களைப் பார்க்க வருபவர்கள் சிறுபான்மை.

இந்தப் பார்வையின் குறை, தீவுகளை எப்போதும் பெறுபவர்களாகவே காட்டுவது. டோங்காவைச் சேர்ந்த எபெலி ஹௌஓஃபா 1993-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதற்குப் பதில் சொன்னது: பசிபிக் மக்கள் கடலில் சிதறிய துண்டு நிலங்களில் வாழ்வதில்லை; தீவுகளால் நிறைந்த ஒரு கடலில் வாழ்கிறார்கள். ‘தொலைதூரத் தீவு’ என்ற சொல் யாருக்குத் தொலைவு என்ற கேள்வியை அது எழுப்பியது. தங்குமிட விவாதத்துக்கு இதை அப்படியே கொண்டுவருவதில் சிக்கல் இருக்கிறது; பகிர்ந்து வாழும் கடல் என்ற பார்வை, விமானம் ரத்தான நாளில் கூடுதலாக மூன்று இரவுக்கு அறை தராது. ஆனாலும் பெரும்பாலான உள்ளூர்ப் பயணங்களில் தங்குமிடம் உறவினர் வீடு என்பதையும், விடுதிகளைப் பற்றிய எழுத்து அந்தப் பெரும்பகுதியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பதையும் ஹௌஓஃபாவின் பார்வை நினைவுபடுத்துகிறது.

தராவாவுக்குப் போகும் பயணிகள் பலருக்கு பிஜியின் நாடி நகரில் ஓர் இரவு தங்குவது தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. தமிழ் வாசகர்களுக்கு அது இழப்பல்ல. 1903 முதல் சென்னை வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் எழுப்பிய சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் அந்த ஊரில்தான் இருக்கிறது.

தூண்டிலும் கப்பலும்

கிறிஸ்மஸ் தீவின் கதை வேறு. உலகின் பவளத்தீவுகளில் நிலப்பரப்பில் மிகப் பெரியது அது. நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய பாதி. 1957-58-இல் பிரிட்டனும் 1962-இல் அமெரிக்காவும் அதைத் தளமாக வைத்து அணுகுண்டுச் சோதனைகள் நடத்தின. பழைய ராணுவ முகாம் இருந்த பகுதியில்தான் பின்னாளில் கேப்டன் குக் ஹோட்டல் வந்தது. 1980-கள் முதல் ஆழமற்ற காயல்களில் போன்ஃபிஷ் என்னும் மீனைத் தூண்டிலில் பிடித்து விடுவதற்காக அமெரிக்கர்கள் வரத் தொடங்கினார்கள். ஹொனலூலுவிலிருந்து வாரம் ஒரு விமானம் என்பதால் தங்கலும் ஒரு வாரக் கணக்கிலேயே விற்கப்பட்டது: அறை, சாப்பாடு, படகு, வழிகாட்டி எல்லாம் சேர்ந்து ஒரே விலை.

இத்தகைய விடுதிகள் கில்பர்ட் தீவுகளில் ஏன் பெருகவில்லை? மீன் ஒரு காரணம்தான். நிலம் அதைவிட முக்கியமானது. லைன் தீவுகளில் நிலத்தின் பெரும்பகுதி அரசுடையது. குத்தகைக்கு எடுக்க ஓர் அலுவலகம் போதும். கில்பர்ட் தீவுகளிலோ நிலம் குடும்பங்களின் உடைமை. கடலிலிருந்து காயல் வரை ஓடும் குறுகிய பட்டைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் பல உறவினருக்குப் பங்கு. வெளிநாட்டவர் வாங்க முடியாது. பயணி தன் ரசனையால் தேர்ந்தெடுத்ததாக நினைக்கும் விடுதியை, அவருக்கு முன்பே நிலச்சட்டம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது.

தரையில் தங்கவே வேண்டாம் என்ற விடையும் ஒருகாலத்தில் இருந்தது. 2000-களில் ஹவாயிலிருந்து கிளம்பிய பெரிய உல்லாசக் கப்பல்கள் லைன் தீவுகளில் உள்ள தபுவேரான் என்னும் ஃபானிங் தீவுக்குத் தவறாமல் வந்துபோயின. தீவின் அழகு ஒருபுறம் இருக்கட்டும். வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கப் பயணிகளைச் சுற்றிக் காட்டி அதே துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டுமானால் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறையைத் தொட வேண்டும் என்ற 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமே முதன்மைக் காரணம். பகலில் ஆயிரக்கணக்கானோர் இறங்கி, சிப்பி மாலை வாங்கி, மாலையில் ஏறிப் போய்விடுவார்கள். தீவின் தண்ணீருக்கோ கழிவுக்கோ பெரிய சுமை இல்லை என்பது இதன் பலம். கப்பல் கம்பெனி பாதையை மாற்றியதும் வருமானம் அப்படியே நின்றுபோனது. அந்தப் பலவீனத்துக்கு ஈடு சொல்ல எதுவுமில்லை.

கிராமத்து வீடு: வாதமும் தடையும்

1980-களில் புவியியலாளர் ஸ்டீஃபன் பிரிட்டன் பிஜியை முன்வைத்து எழுதிய ஆய்வுகள், பெரிய ஓய்வு விடுதிகளின் லாபம் வெளிநாட்டு நிறுவனங்களுக்கே திரும்பிப் போகிறது என்றன. அதன் மறுமொழிபோல 1990-களில் சமோவாவில் கடற்கரைக் குடில்கள் பரவின: சுவரில்லாத ஓலைக்குடில், மெத்தை, கொசுவலை, குடும்பத்தோடு சாப்பாடு, குறைந்த வாடகை. மலிவான சுற்றுலாவே ஊருக்கு அதிக நன்மை தரக்கூடும் என்று ரெஜினா ஷேவன்ஸ் போன்ற ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அதை வைத்து, கிரிபாஸிலும் வீட்டுத் தங்கல்தான் வழி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒப்பீடு கவர்ச்சியானது, ஆனால் முழுதும் பொருந்தாது. சமோவாவில் மலை, ஆறு, அடிக்கடி வரும் விமானம், நியூசிலாந்திலிருந்து விடுமுறைக்கு வரும் கூட்டம் எல்லாம் இருக்கின்றன. அங்கேயும் 2009 செப்டம்பர் 29 சுனாமி லலோமானு கடற்கரைக் குடில்களை உயிர்களோடு வாரிக்கொண்டு போனது. கிரிபாஸில் வேறொரு தடை இருக்கிறது. புபுஸி என்ற வழக்கப்படி உறவினர் ஒன்றைக் கேட்டால் மறுக்கக் கூடாது, மறுப்பது மானக்கேடு. இந்த வழக்கம் பஞ்ச காலத்தில் தீவையே காப்பாற்றியிருக்கும். ஆனால் விருந்தினர் கொடுத்த நாற்பது டாலர் அன்று மாலைக்குள் நான்கு வீடுகளுக்குப் போய்விட்டால், அடுத்த விருந்தினருக்கு மெத்தை வாங்கக் காசு எங்கே? தீவுகளில் சிறுகடைகள் நொடிப்பதற்கும் இதையே காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. இதை வளர்ச்சிக்குத் தடை என்று மட்டும் வரையறுப்பது ஒருதலையான பார்வை. விருந்தினர் பணம் ஊருக்குள் பரவ வேண்டும் என்பதுதானே வீட்டுத் தங்கலின் நோக்கம்? பரவுகிறது, முதலீடாகச் சேர்வதில்லை என்பதுதான் பிரச்சினை.

இன்னொன்றைப் பெரும்பாலான எழுத்துகள் போகிற போக்கில்கூடத் தொடுவதில்லை. வீட்டில் விருந்தினர் தங்கினால் தண்ணீர் சுமப்பதும் சமைப்பதும் பாய் மாற்றுவதும் யார் வேலை? ‘குடும்பத்தோடு தங்கும் இனிமை’ என்று விளம்பரம் சொல்வதில் கணிசமான பங்கு அந்த வீட்டுப் பெண்களின் கூலியில்லா உழைப்பு.

தண்ணீர்க் கணக்கு

பவளத்தீவில் ஆறு கிடையாது, நன்னீர் ஏரியும் மிக அரிது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. தீவு அகலமாக இருந்தால் படலம் தடிமனாக இருக்கும். குறுகினால் கிணறு உப்பாகிவிடும். வடக்கே புத்தாரித்தாரியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, கிறிஸ்மஸ் தீவில் அதில் மூன்றில் ஒரு பங்கு. லா நினா ஆண்டுகளில் கில்பர்ட் தீவுகளில் மாதக்கணக்கில் வறட்சி நீடிக்கும். ஆகவே தங்குமிடத்தை எடைபோடும்போது கட்டிலையும் காற்றாடியையும்விட, எந்தத் தீவு, எந்த மாதம், எத்தனை மழைத்தொட்டி என்பவை முந்திக்கொள்ள வேண்டும்.

தெற்குத் தராவாவில் இது இன்னும் கூர்மையாகிறது. 1977-இல் காலரா பரவியபின் பேஷோ, பைரிக்கி, பிகெனிபேயு பகுதிகளில் கடல்நீரால் கழுவி வெளியேற்றும் கழிவுக் குழாய்கள் போடப்பட்டன. குடிநீர் முக்கியமாக பொன்ரிக்கி, புவோட்டா நீர்க்காப்பு நிலங்களிலிருந்து வருகிறது. அந்நிலங்களில் குடியிருந்தவர்கள் இடம் மாற வேண்டிவந்தது. இயன் வைட், டோனி ஃபாக்லண்ட் போன்ற நீரியலாளர்கள் இந்த மோதலை ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். குழாயில் இரண்டு நாளுக்கு ஒருமுறை சில மணி நேரமே தண்ணீர் வந்த காலம் நீண்டது. ஆசிய வளர்ச்சி வங்கி முதலானவற்றின் உதவியோடு கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்டதற்கும் இதுவே காரணம். ஊரில் குழாய் காய்ந்திருக்கும்போது விடுதியில் மட்டும் தண்ணீர் ஓடினால், அங்கே தொட்டி பெரிது என்று பொருள். அந்தத் தொட்டி மழையால் நிரம்பியதா, லாரியால் நிரம்பியதா என்று விசாரிக்கும் பயணிகள் மிகக் குறைவு.

வசதிக் கட்சி, அனுபவக் கட்சி இரண்டுமே இங்கே தடுமாறுகின்றன. சொந்தத் தொட்டியும் கழிவு ஏற்பாடும் உள்ள விடுதி, மெலிந்த படலத்திலிருந்து இறைக்கும் ‘இயற்கையான’ குடிலைவிட ஊருக்குக் குறைந்த தீங்கு செய்யக்கூடும். எதிர்நிலையும் சாத்தியமே. ஓலையா கான்கிரீட்டா என்பதை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது.

இன்னும் தீராதவை

இந்த விடைகளில் எதுவும் மூன்று பகுதிகளுக்கும் பொதுவாகப் பொருந்தவில்லை. கிறிஸ்மஸ் தீவில் வாரத் தொகுப்பு விடுதியே நடைமுறை. தலைநகரில் தண்ணீரும் கழிவும் சீராக உள்ள விடுதிக்கு முன்னுரிமை தரலாம். வெளித்தீவுகளில், எல்லாக் குறைகளோடும், மன்ற விடுதியே ஒப்பளவில் நியாயமான தொடக்கமாகப் படுகிறது. காரணம், அங்கே மட்டும்தான் விருந்தினரை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவு ஊரின் கையில் ஓரளவாவது மிஞ்சியிருக்கிறது. நீண்ட நாள் தங்கி, மொழி கற்று, உறவுக்குள் நுழைபவருக்கு வீட்டுத் தங்கல் பொருந்தலாம். மூன்று நாள் பயணிக்கு அதைப் பரிந்துரைப்பது சந்தேகத்துக்குரியது.

நாட்டின் சுற்றுலா அமைப்பு ‘மௌரி மார்க்’ என்ற தர அடையாளத்தின் வழியே விடுதிகளுக்குக் குறைந்தபட்ச வரையறைகளைக் கொண்டுவர முயன்றிருக்கிறது. தரம் உயர்ந்தால் வாடகை உயரும், வாடகை உயர்ந்தால் மன்றத்தின் புயா எதற்குள்ளும் அடங்காமல் விடுபடுமா என்ற கேள்வி அதோடு சேர்ந்து வருகிறது. 2020 மார்ச் முதல் 2022 ஆகஸ்ட் வரை எல்லை மூடியிருந்தபோது பயணிகளை நம்பிய அறைகள் காலியாகக் கிடந்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகு ஒரு குடும்பம் கடன் வாங்கிக் குடில் கட்டுவது அறிவுடைமையா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. உயரும் கடல் இன்னொரு புதிர்: கடலைப் பார்த்த அறைக்குத்தான் விலை அதிகம், பெரும் ஓதத்தில் முதலில் நனைவதும் அதுதான், 2015-இல் பாம் புயலின் அலைகள் தெற்குக் கில்பர்ட் தீவுகளில் வீடுகளைக் குலைத்தன. எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது எண்ணிக்கை. ஒரு தீவின் நீர்ப்படலமும் மழைத்தொட்டிகளும் வறட்சி மாதத்தில் எத்தனை வெளியூர்க்காரர்களைத் தாங்கும் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் வருபவர்களைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தைத் தீவு மன்றத்துக்குக் கொடுப்பதா, விமான இருக்கைகளின் பற்றாக்குறையே அந்த வேலையைச் செய்துகொள்ளட்டும் என்று விடுவதா என்பது விவாதத்துக்கே இன்னும் சரியாக வரவில்லை.